டிவியில் தெரியாத பல்லேகல

கெம்பஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பல்லேகல என்போம். உடனே, "ஆ, மெட்ச் நடக்கிற இடம்!" என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியனும் அதைத்தான் சொல்வான், மட்டக்களப்புப் பிள்ளையும் அதைத்தான் சொல்வாள். எங்கள் ஊரை அவர்கள் டிவியில் பார்த்திருக்கிறார்கள்.

மைதானம் திறந்தது 2009இல். 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் முதல் டெஸ்ட். அதில் மழைதான் அதிகம் விளையாடியது. 2011 உலகக் கிண்ணத்தில் ரோஸ் டெய்லர் தன் பிறந்தநாளன்று பாகிஸ்தானுக்கு எதிராக 131 அடித்ததும் இங்கேதான். கமரா மலையைக் காட்டும், புல்மேட்டைக் காட்டும், லைட் கோபுரங்களைக் காட்டும். "அந்தா, நம்ம ரோட்டு!" என்று வீட்டிலிருந்து கத்துவோம். மெட்ச் முடிந்ததும் கமரா போய்விடும்.

கமரா திரும்பாத பக்கத்தில் கைத்தொழில் பேட்டை இருக்கிறது. போகம்பறையை 2014இல் மூடியபோது அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்த சிறைச்சாலை இருக்கிறது. ஆட ஓர் இடம், உழைக்க ஓர் இடம், அடைக்க ஓர் இடம். நாலு பேர் பின்னேரம் உட்கார்ந்து கதைக்க மட்டும் இடமில்லை. அதனால்தான் பஸ் ஏறி கண்டி டவுனுக்கு, கேசிசிக்குப் போகிறோம். ஏசி இலவசம், எஸ்கலேட்டர் இலவசம். ஒரு பிளேட் சிப்ஸ் வாங்கி நாலு பேர் ஒரு மணித்தியாலம் ஓட்டுவோம். ஒருநாள் எங்களில் ஒருத்தி, "கொழும்புல மாதிரி பௌலிங் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு. எங்களுக்குத் தெரிந்த பௌலிங் மாலிங்க போட்டது மட்டும்தான்.

போன வருஷம் அவளுடைய அம்மாவையும் கூட்டிப் போனோம். அம்மா பேட்டையில் ஒரு கார்மன்ட்டில் தைக்கிறார். எஸ்கலேட்டருக்குப் பயந்து படியில் ஏறினார். ஒரு கடையில் சேர்ட் ஒன்றைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு விலைச்சீட்டைப் பார்த்தார். "ரெண்டு நாள் சம்பளம்" என்று மெதுவாகச் சொல்லி, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். அன்றைக்கு எங்களுக்குச் சிப்ஸ் இறங்கவில்லை.

நகரம் வளர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பௌலிங் வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்போம். ஆனால் வளர்கிற நகரத்தில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பார்க்கிற வேலைதான். மோலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். வீட்டில் டிவிக்கு முன்னால் இருந்து பார்க்கிறோம். தமிழ்ச் செனல்கள் இருக்கின்றன. சக்தி 1998இலேயே வந்துவிட்டது. ஆனாலும் அம்மா ராவைக்குப் பார்ப்பது சென்னை சீரியல். அந்த மாமியாரின் சமையலறை அவருக்கு மனப்பாடம். காலையில் இருட்டோடு எழும்பி அவர் சமைக்கிற அடுப்படியை எந்தச் செனலும் காட்டியதில்லை.

அதனால் நாங்களே ஃபோனில் ஒரு சின்ன வீடியோ எடுத்தோம். அம்மா சோறு கட்டுகிறார், ரோட்டால் நடக்கிறார், பஸ்ஸுக்கு நிற்கிறார். நாலு நிமிஷம், அவ்வளவுதான். எடிட் பண்ணிக் காட்டினோம். ரெண்டு தரம் பார்த்தார். எப்படி இருக்கு என்று கேட்டோம்.

"ஒரு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சேலையா கட்டியிருப்பேன்ல?" என்றார். பிறகு ஃபோனைக் கேட்டு வாங்கி, மூன்றாந் தரமும் பார்த்தார்.