கெட்டிக்காரக் குதிரைக்குச் சுமை அதிகம்!

குதிரைப் பந்தயம் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், வாசகர்களே! உங்களைப் பணம் கட்டச் சொல்லவில்லை. ஒரு கதையைக் கேட்கத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்ற ஊரில், அக்டோபர் மாதந்தோறும் 'செசரவிச்' என்றொரு பந்தயம் நடக்கிறது. இது ஆங்கிலப் பெயரே அல்ல. ருஷ்ய நாட்டுப் பட்டத்து இளவரசருக்கு வழங்கும் பட்டம். 1839-ல் இளவரசர் அலெக்ஸாண்டர் இங்கிலாந்துக்கு விருந்தாளியாக வந்தார். அவருக்கு வயது 21. விக்டோரியா ராணிக்கு 20. இருவரும் சேர்ந்து நடனமாடினார்கள். ஜாக்கி கிளப்புக்கு இளவரசர் 300 பவுன் கொடுத்தார். அவர் பட்டத்தையே புதிய பந்தயத்துக்குச் சூட்டிவிட்டார்கள்!

தூரம் இரண்டே கால் மைல். குதிரைகள் கிளம்புவது கேம்பிரிட்ஜ்ஷையர் ஜில்லாவில். போய்ச் சேருவது சஃபக் ஜில்லாவில்.

இது 'ஹாண்டிகாப்' பந்தயம். அதாவது, கெட்டிக்காரக் குதிரை என்று பெயர் எடுத்துவிட்டால் அதற்குச் சுமை அதிகம். ஜாக்கியின் எடை போதாவிட்டால் ஈயத் தகடு வைத்து ஈடுகட்டுவார்கள். சுமாரான குதிரைக்குச் சுமை குறைவு. எல்லாக் குதிரைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதே எடை நிர்ணயிப்பவரின் கனவு.

1857-ல் அந்தக் கனவு பாதி பலித்தது. பிரையரஸ், எல் ஹகீம், குவீன் பெஸ் என்ற மூன்று குதிரைகள் சேர்ந்தாற்போல் எல்லையைத் தொட்டன! மூன்றையும் மறுபடி ஓடவிட்டார்கள். பிரையரஸின் சொந்தக்காரர் ஓர் அமெரிக்கர். அவர் ஜாக்கியை மாற்றி, ஜார்ஜ் போர்தாம் என்ற இளைஞரை ஏற்றினார். பிரையரஸ் ஜெயித்தது.

அலெக்ஸாண்டர் பின்னால் சக்கரவர்த்தியானார். 1861-ல் ருஷ்யாவின் பண்ணையடிமைகளை விடுவித்தார். 1881 மார்ச்சில் வெடிகுண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் பெயர் தாங்கிய பந்தயத்தை ஜெயித்தது பாக்ஸ்ஹால் என்ற அமெரிக்கக் குதிரை. அடுத்து நடந்த கேம்பிரிட்ஜ்ஷையர் பந்தயத்தில், ஜெயித்த குற்றத்துக்காக அதன் சுமையைக் கூட்டினார்கள். அதையும் தூக்கிக்கொண்டு ஓடி, அதிலும் ஜெயித்துவிட்டது!

இதையெல்லாம் படிக்கும்போது என் அண்ணாவின் நினைவு வந்தது. படிப்பில் அவர்தான் எங்கள் வீட்டுப் பாக்ஸ்ஹால். முதல் வகுப்பில் தேறினார், உடனே உத்தியோகம். அப்பாவின் கடன் அவர் முதுகில் ஏறியது. தங்கையின் கல்யாணம் ஏறியது. என் காலேஜ் சம்பளமும் ஏறியது. சுமாரான பிள்ளையான என் மேல் யாரும் ஒரு குன்றிமணி எடைகூட வைக்கவில்லை. "அவனுக்கென்ன, சமாளிப்பான்!" என்பாள் அம்மா. அவரும் சமாளித்தார். தலை மட்டும் முப்பத்தைந்து வயதிலேயே நரைத்துவிட்டது.

நியூமார்க்கெட்டில் ஒரு தராசு இருக்கிறது. ஓடுவதற்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுத்துப் பார்க்கிறார்கள். ஓடி முடித்த பிறகும் நிறுக்கிறார்கள். விதித்ததற்கு மேல் சுமத்துவதில்லை. உங்கள் வீட்டிலும் சமாளிக்கிற பிள்ளை ஒருவன் இருப்பான், அல்லது ஒருத்தி இருப்பாள். அடுத்த சுமையை ஏற்றுமுன், இதுவரை ஏற்றியது எவ்வளவு என்று ஒரு தரம் நிறுத்துப் பாருங்களேன்!