அடக்கமும் ஆபத்தும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முற்காலத்தில் ஒரே ஒரு ஞாபகந்தான் வரும். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் அது. இக்காலத்திலோ, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலை வேலை தொடங்கியது முதல் ஒரகடம் வரையில் ஆலைகள் பெருகிவிட்டபடியால், இரவு பகல் என்ற பேதமே இந்தப் பக்கத்தில் மறைந்துவிட்டது. விடியற்காலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ், நள்ளிரவில் வேறொரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குகிறது. மனிதர்கள் இந்த ஷிப்டு முறைக்கு எப்படியோ பழகிக்கொண்டார்கள். அவர்களை அண்டி வாழும் நாய்களின் மூத்திரப்பைதான் பழகவில்லை. விஷயத்தைக் கேட்டு நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். உயிர் போகிற காரியத்தில் அருவருப்புக்கு இடம் ஏது?

எங்கள் அடுத்த வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் ஆலையில் உத்தியோகம். 8 மணி நேர வேலை. போக வரப் பஸ் பிரயாணம். சில நாட்களில் அதிகப்படி வேலை வேறு. ஆகவே அவர்களுடைய ஆண் நாயாகிய மணி, பல நாட்களில் 11, 12 மணி நேரம் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும். "எங்கள் மணி ஒரு நாளாவது வீட்டை அசுத்தம் செய்ததுண்டா?" என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொல்வார். பெருமைக்குரிய குணந்தான், சந்தேகமில்லை.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை மணி கம்பத்துக்குக் கம்பம் நின்று காலைத் தூக்கிற்று. நெடு நேரம் முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதிலும் சிவப்பு கலந்திருந்தது. "நாய்க்கு வேறு என்ன வேலை?" என்று தெருவில் சிரித்தார்கள். மறு நாள் அந்தச் சொட்டும் நின்றுவிட்டது. மணி சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை; இரண்டு தடவை வாந்தி எடுத்தது. எதிர் வீட்டுப் பாட்டியம்மாள் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னார். இன்னொருவர் பார்லித் தண்ணீரே கைகண்ட மருந்து என்றார்.

இரண்டையும் கொடுப்பதற்கு முன்னால் மணியைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மூத்திரப்பை பந்துபோல் இறுகியிருந்தது. சாற்றைப் பற்றிக் கேட்டபோது, "மதகு அடைத்துக்கொண்டிருக்கும்போது ஏரியில் இன்னும் தண்ணீரை விடலாமா, ஐயா?" என்றார்.

ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. நீர்த்தாரை அந்த எலும்பின் பள்ளத்தின் வழியாகச் செல்வதால் அவ்விடத்தில் விரிந்து கொடுக்காது. மிளகளவு கல் ஒன்று வந்து சிக்கினாலும் வழி அடைபட்டுவிடும். பிறகு வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இருதயத்தையே நிறுத்திவிடும். முழு அடைப்பாயின் இரண்டு மூன்று நாளில் பிராணன் போய்விடும். வைத்தியர் மணிக்கு மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்பு நீரைப் பாய்ச்சிக் கல்லை மூத்திரப்பைக்கே திருப்பித் தள்ளினார். எக்ஸ்ரே படத்தில் நான்கு கற்கள் தெரிந்தன. பின்னர் சஸ்திர சிகிச்சை செய்து அவற்றை எடுத்தார்கள்.

"எல்லாம் போர் தண்ணீரின் உப்பு" என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. விஷயம் அவ்வளவு சுலபமன்று. நாய்களுக்கு உண்டாகும் கற்களில் ஸ்ட்ரூவைட் என்ற வகை, பெரும்பாலும் மூத்திரப்பையில் கிருமி புகுந்ததனால் விளைவது. பெண் நாய்களுக்கு நீர்த்தாரை குட்டையாக இருப்பதால் கிருமி எளிதில் ஏறுகிறது. இவ்வகைக் கல் தக்க மருந்தினாலும் பிரத்தியேக ஆகாரத்தினாலும் சில வாரங்களில் கரையக்கூடும். ஆக்ஸலேட் வகையோ கரையாது. புள்ளி போட்ட டால்மேஷன் ஜாதிக்குப் பிறவிக் குணத்தினாலேயே யூரேட் என்ற கல் உண்டாவதுண்டு. ஆகையால் எடுத்த கல்லை எறிந்துவிடாமல் சோதனைக்கு அனுப்புவது அவசியம். மணியின் கற்கள் ஆக்ஸலேட் வகை என்று தெரிந்தது. இது திரும்ப வரக்கூடிய வியாதி. சிறுநீர் கெட்டிப்பட்டு நெடு நேரம் தேங்கி நிற்பது கல் வளர்வதற்கு அனுகூலமாகும்.

நாய் வளர்ப்பவர்கள் சில விஷயங்களை மனத்தில் கொள்வது நலம். கிலோ எடைக்கு 50 அல்லது 60 மில்லி வீதம், 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வளர்ந்த நாயை 6 அல்லது 8 மணிக்கு ஒரு முறையாவது வெளியே விட வேண்டும். அடிக்கடி முக்குதல், சொட்டு நீர், இரத்தம், குறியை ஓயாமல் நக்குதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும்; நீர் அடியோடு நின்றுவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. நாம் சாப்பிடும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேப்பேரியில்தான் இருக்கிறது.

இப்போது அடுத்த வீட்டுத் தம்பதிகள் கூடியவரையில் வெவ்வேறு ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். முடியாத நாட்களில் சாவி என்னிடம் இருக்கும். நடுப்பகலில் மணியை நான் அழைத்துச் செல்கிறேன். வீட்டை அசுத்தம் செய்யாதே என்று நாம் ஒரு தடவை சொன்ன சொல்லை, உயிருக்கே ஆபத்து வந்தாலும் அந்தப் பிராணி மீறுவதில்லை. அதற்குக் கதவைத் திறந்துகொள்ளக் கையில்லை. நமக்கு இருக்கிறது.