தாழ்தலும் தாழ்த்துதலும்

கிறிஸ்தவ ஒழுக்கங்களுள் தலையாயது தாழ்மை என்பர். கத்தோலிக்கர் அதனைத் தாழ்ச்சி என வழங்குவர். எச்சொல்லால் வழங்கினும், அவ்வுபதேசம் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கூலி உயர்வு கேட்கும் தொழிலாளிக்கும், ஆலயத்தில் சமமான ஆசனம் கேட்கும் ஏழைக்கும் தாழ்மை போதிக்கப்படுவதை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். முதலாளிக்கும் சபை மூப்பருக்கும் அது போதிக்கப்படுவதைக் கேட்டது அரிது.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அறிவர்: தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. உயரத்தில் நிற்பவன் தானே விரும்பி இறங்கிவருவது அறம். கீழே நிற்பவனை மேலும் கீழே அழுத்துவது கொடுமை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதனால் வந்த கேடு கொஞ்சமன்று.

வேதாகமம் இவ்வேறுபாட்டை நன்கறியும். சாலொமோன் மன்னன் ஆலயத்தை 7 ஆண்டுகளிலும் தன் அரண்மனையை 13 ஆண்டுகளிலும் கட்டினான் என்கின்றது முதலாம் இராஜாக்கள் நூல். மரம் வெட்டுதற்கென 30,000 பேர், மாதத்துக்கு 10,000 பேராக, லீபனோனுக்குக் கட்டாய ஊழியத்தில் அனுப்பப்பட்டனர். அவன் இறந்தபின் முடிசூடச் சீகேமுக்கு வந்த மகன் ரெகொபெயாமிடம் மக்கள் கேட்டது ஒன்றே: தந்தை சுமத்திய பாரத்தை இலேசாக்க வேண்டும் என்பது. மன்னன் மூன்று நாள் தவணை கேட்டான். தந்தையின் அவையிலிருந்த முதியோர், அரசன் குடிகளுக்கு ஊழியனாக இசைந்தால் குடிகள் அவனைக் கைவிடார் என அறிவுறுத்தினர். உடன்வளர்ந்த தோழரோ முன்னையிலும் கடுமையாக அடக்குமாறு தூண்டினர்.

அத்தோழரை வாலிபர் என நூல் குறிக்கின்றது. ஆனால் மன்னனுக்கு அப்போது வயது 41 என்றும் அந்நூலே கூறுகின்றது. ஆகவே குற்றம் இளமையினது அன்று, அரண்மனையினது. சுமை அறியாதவர் செவியில், சுமப்பவனின் முறையீடு கலகமாகவே விழும். மன்னன் தோழர் சொல்லையே ஏற்றான். கட்டாய ஊழியத்தின் அதிகாரி கல்லெறியுண்டு மாண்டான், மன்னன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான், இராச்சியம் இரண்டாயிற்று.

சீரியப் படைத்தலைவன் நாகமானின் கதை இதற்கு மறுதலை. அவனது நோய் தீர வழிகாட்டியவள், சிறைபிடிக்கப்பட்டு அவன் வீட்டிற் பணிசெய்த ஓர் இஸ்ரவேற் சிறுமி. யோர்தானில் முழுகும்படி சொல்லப்பட்டபோது சினந்து திரும்பிய அவனைத் தெளிவித்தவர் அவனுடைய ஊழியர். அவன் கேட்டான்; பிழைத்தான். அச்சிறுமியின் பெயரை நூல் எழுதிவைக்கவில்லை.

நமக்கு மிக அணுக்கமானது அந்தியோகியாவில் நிகழ்ந்தது. அங்கே பேதுரு புறவினத்தாருடன் ஒரே பந்தியில் இருந்து உண்டார். எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பினர் சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். பின்வந்தவராகிய பவுல், மூத்த அப்போஸ்தலரை அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார். அதற்குப் பேதுரு கூறிய மறுமொழியைக் கலாத்தியர் நிருபம் சொல்லவில்லை. ஆனால் பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிக்கின்றது. கண்டித்தவனைப் பகைவனாக்காத அந்த மரபே தாழ்மை.

பந்தியும் விலகலும் யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கவேண்டிய பொருள்களல்ல. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரி எழுந்தது. கல்வி பரந்தது, ஆயினும் சாதி ஞானஸ்நானத் தண்ணீரிற் கரையவில்லை. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடைசெய்வதைக் குற்றமாக்கிய சட்டத்தைப் பாராளுமன்றம் 1957 இல் இயற்றியது. அந்தியோகியாவைப் படித்த சபைகளின் மனச்சாட்சி, அச்சட்டத்துக்கு நெடுங்காலம் முந்தியிருக்க வேண்டாவா?

கிறிஸ்தவரை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையன்று. மக்களின் பெயராற் பேசும் இயக்கங்களிலும் ரெகொபெயாமின் தோழர் உளர். தலைவர் விரும்பியதையே ஆலோசனையாகச் சொல்வோரும், கேள்வி கேட்கும் தொண்டனைத் துரோகி என்போரும் அவர்களே. வகுப்பறையிலோ, மாணவன் சுட்டும் பிழையை ஏற்றலைத் தம் மதிப்புக்கு இழுக்கெனக் கருதும் ஆசிரியர் உளர். நம்பிக்கை வேறாயினும் நோய் ஒன்றே.

ஆலோசனை கேட்க விரும்பும் சபையும் சங்கமும் முதலிற் செய்யவேண்டியது எளியது: கடைசி வாங்கில் இருப்பவனை முதலிற் பேசவிடுதல். அவன் சொல் கசக்கலாம். சொல்லும் முறை கரடுமுரடாயிருக்கலாம். சுமையின் நிறையை அறிந்தவன் அவனே. அவனுக்குத் தாழ்மையைப் போதிக்கவேண்டியதில்லை. வாழ்க்கை அவனைப் போதிய அளவு தாழ்த்திவிட்டது. இனித் தாழவேண்டியவர் உயர்ந்த ஆசனங்களில் இருப்போரே.