ஷிப்ட் விடும் நேரம்

வண்டலூரில் பஸ் ஏறி மேற்கே திரும்பினால், மண்ணிவாக்கம் தாண்டிப் படப்பை வரும் வரையில் வீடுகளும் மனைப் பிரிவுகளும் கல்யாண மண்டபங்களும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். படப்பைக்கு அப்பால் ஏரிக்கரைகளும் கருவேலங்காடுகளும் சற்று நேரம் கண்ணில் படும். அதற்கும் பிறகு, ஒரகடத்தை நெருங்க நெருங்க, சாலையின் இரு மருங்கிலும் மதில்களின் ஆட்சிதான். கல்லூரியில் இறுதியாண்டுக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தின் பேரில், காமிரா பிடிக்க ஒரு சிநேகிதனும் ஒலிப்பதிவுக்கு ஒரு சிநேகிதியுமாக நாங்கள் மூவரும் இந்தச் சாலையில் பிரயாணம் செய்யத் தொடங்கியபோது, எங்களுக்கு முதன்முதலில் பிரத்தியட்சமானது இந்த மதில்தான். தொழிலாளரின் வாழ்க்கையைப் படம் பிடிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிய எங்களுக்குத் தொழிலும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. முள்கம்பி சுற்றிய சுவரும், அதன் மேல் கம்பெனியின் பெயர்ப் பலகையுமே தெரிந்தன.

மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது ரகசியமன்று. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் கார் வெளிவந்ததிலிருந்து கணக்கிட்டால், இந்த வட்டாரம் யந்திர யுகத்துக்குள் புகுந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. ஒரகடத்தில் மட்டும் 2010இல் ரெனோ-நிஸான் கார் ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர் ஆலையும், 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் வேலை தொடங்கின. இவையெல்லாம் அண்மைக் காலத்து விருத்தாந்தம். கருவி செய்யும் தொழிலோ இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, கற்காலத்து மனிதர் செதுக்கிய கருவிகள் கிடைத்தன. அந்தக் காலத்துப் பட்டறைக்கு மதில் இருந்திருக்காது. வேண்டியவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம்.

உள்ளே படம் எடுக்க அனுமதி கிடைக்குமா என்று நாங்கள் கேட்ட வாசல்களிலெல்லாம் மரியாதையாகவே மறுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் கைபேசிக் காமிராவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அனுப்புவது பல ஆலைகளில் வழக்கமாக இருக்கும்போது, தோளில் காமிராவோடு வந்து நிற்கும் மாணவர்களை யார் உள்ளே விடுவார்கள்? வயது முதிர்ந்த செக்யூரிட்டி ஒருவர்தாம் எங்கள் முகவாட்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "ரோட்ல நின்னு எடுத்துக்கம்மா, ரோடு கவர்மென்டோடது, எங்க கேட்டு மட்டும் அதுல விழாம பாத்துக்க" என்றார். படத்தை எங்கே நின்று எடுப்பது என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடையை நான் எந்தப் பாடபுத்தகத்திலும் படித்ததில்லை.

இத்தனைக்கும் சினிமாவின் சரித்திரமே ஓர் ஆலை வாசலில்தான் ஆரம்பமாயிற்று. பிரான்சு தேசத்து லியோன் நகரில், புகைப்படத் தகடு செய்யும் தம் குடும்பத்து ஆலையின் எதிரே 1895ஆம் ஆண்டில் லூயி லூமியேர் காமிராவை நிறுத்தி, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளரை ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓடும் படமாகப் பிடித்தார்; அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், சைக்கிள்கள் வருகின்றன, நாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு என்பதையும், அவற்றை அடுத்தடுத்துப் பார்த்தால் ஜனங்களின் உடையும் வெயிலும் மாறியிருப்பதையும் எங்கள் ஆசிரியர் வகுப்பில் காட்டியிருந்தார். காமிராவின் பின்னே நின்றவர் முதலாளி. வெளியே வந்தவர்கள் அவருடைய தொழிலாளர்கள். மறுபடியும் வெளியே வாருங்கள் என்று முதலாளி சொன்னால் வராமலிருக்க முடியுமா? 'உள்ளதை உள்ளபடி' என்று இந்தக் கலையின் பிறப்பைப் புகழ்ந்து பேசுபவர்கள் இதையும் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

லூமியேரைப் பின்பற்றி நாமும் ஒரு வாசலுக்கு எதிரே நின்றுவிடலாம் என்று நினைத்தோம்; ஆனால் இங்கே வாசல் வழியாக நடந்து வருவோர் அரிது. சங்கு ஊதுவதில்லை, கூட்டம் பொங்கி வழிவதில்லை. ஷிப்ட் விட்டதும் பஸ்கள் வரிசையாக வெளியே வருகின்றன; திரை இழுத்த ஜன்னலுக்குப் பின்னே தலைகள் சாய்ந்திருக்கின்றன; அந்த பஸ்கள் வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் திருவள்ளூருக்கும் அதற்கு அப்பாலும் ஓடி, ஒவ்வொரு 'பாயிண்ட்'டிலும் நாலைந்து பேராக இறக்கிவிட்டுப் போகின்றன. லியோன் நகரத்தில் ஒரே வாசலில் நின்ற கூட்டம் இங்கே நெடுஞ்சாலை நெடுகிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் படத்துக்கு ஓர் உருவம் வந்தது. ஆலையைத் தேடுவதை விட்டுவிட்டு பாயிண்டுகளைத் தேடத் தொடங்கினோம். எந்த ஷிப்ட் எப்போது விடும், எந்த பஸ் எங்கே நிற்கும், வார மாற்றம் எந்தக் கிழமை என்பவை பஸ் டிரைவர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் மனப்பாடம். காலை ஒளி நன்றாக இருக்கும், மாலை ஒளி அதைவிட நன்றாக இருக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இங்கே செல்லாது. சூரியன் எங்கே இருந்தாலும் 'ஏ' ஷிப்ட் அதன் நேரத்துக்குத்தான் விடும்.

ஒரகடத்திலிருந்து வடக்கே திரும்பி வல்லம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1017இல் ராமானுஜர் அவதரித்த ஸ்தலம் என்பதால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரை உற்சவம் வெகு விமரிசையாக நடக்கும்; மற்ற நாட்களில் கோயில் வீதி அமைதியாகவே இருக்கிறது. ஊரின் மற்றொரு முகம் நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21ஆம் தேதி இரவு அவரைக் கொன்ற குண்டு வெடித்தபோது, படம் எடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு என்ற போட்டோகிராபரும் உயிரிழந்தார். அவருடைய காமிரா மட்டும் அழியாமல் கிடந்தது. அதிலிருந்த பிலிமைக் கழுவிப் பார்த்துத்தான் குற்றவாளிகளின் முகங்களைப் புலனாய்வாளர்கள் கண்டார்கள். காமிரா என்பது அழகு காட்டும் சாதனம் மட்டுமன்று, சாட்சி சொல்லும் சாதனமும்கூட என்பதை இந்த ஊரைக் காட்டிலும் வேறு எந்த ஊர் அறிந்திருக்கப் போகிறது? சாட்சிக்கு எல்லோரும் சந்தோஷமாக முகம் காட்டமாட்டார்கள்.

சுங்குவார்சத்திரத்தில் எங்களுக்குக் கிடைத்த அனுபவம் அதுதான். மாலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர்களும் சாலையோரத்தில் கலந்து நின்ற வேளையில், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, எங்களைவிட இரண்டொரு வயது இளையவள், பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம். சங்கோசப்படாமல்தான் பதில் சொன்னாள்: "வீடியோவா? மூஞ்சி மட்டும் வேணாங்க்கா. கான்ட்ராக்ட்ல இருக்கேன், யாராச்சும் பாத்தா கூப்புட்டு கேப்பாங்க. கைய வேணா எடுத்துக்கங்க."

கையை எடுத்தோம். கழுத்திலிருந்து கழற்றிய அடையாள அட்டையின் நாடாவை அந்தக் கை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது. நாள் முழுவதும் ரப்பர் உறைக்குள் இருந்த கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும், ஒரு மூட்டைத் துணி துவைத்தெழுந்தவளின் விரலைப்போல, வெளிறிச் சுருங்கியிருந்தன. எப்போதோ வைத்த மருதாணி நகநுனியில் மட்டும் மிஞ்சியிருந்தது. தன் வேலை இன்னதென்று அவள் வாயால் விவரிக்கவில்லை. இடக்கை விரல்களால் இல்லாத பலகை ஒன்றைப் பிடித்து, வலக்கை விரல்களால் இல்லாத திருகாணி ஒன்றை வைத்து முடுக்கிக் காட்டினாள். காட்டத் தொடங்கியவள் பேச்சு வேறு எங்கோ போன பிறகும் நிறுத்தவில்லை, விரல்கள் தாமாகவே அடுத்ததையும் அதற்கடுத்ததையும் முடுக்கிக்கொண்டிருந்தன. ஆலைக்குள்ளே நுழைந்திருந்தால்கூட இப்படி ஒரு காட்சி எங்களுக்கு அகப்பட்டிருக்காது. அதன் பிறகு சந்தித்தவர்களிடம் முகத்தைக் கேட்கவே இல்லை. சாப்பாட்டு டப்பா, செருப்பு, பின்னல், கைபேசியைப் பிடித்த கை என்று படம் முழுவதும் அப்படியே அமைந்தது.

அவளுடைய ஜாக்கிரதையைக் கோழைத்தனம் என்று கொள்வது அநியாயம். இதே வட்டாரத்தில் 2006இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெரியது என்று நம்பியதும் ஒரு நாள் மூடப்படலாம் என்பதை இந்தச் சாலை அன்றே கற்றுக்கொண்டது. பயம் ஒன்றே சுபாவம் என்றும் சொல்லிவிட முடியாது. விடுதிச் சாப்பாட்டினால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம்–வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டதற்கு அந்த மறியலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு மறுமாதமே சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டமாக நிற்கும்போது காமிராவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவர்கள், தனியாக நிற்கும்போது கையை மட்டும் காட்டுகிறார்கள். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

படத்தொகுப்பில் உட்கார்ந்தபோது எங்களுக்குள் சச்சரவு மூண்டது. கைகளின் மேல் சோக வயலின் ஒலிக்க வேண்டும் என்று காமிரா பிடித்த நண்பன் வற்புறுத்தினான், நான் ஒப்பவில்லை. நெடுஞ்சாலையில் கார்களை அடுக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் நீண்ட டிரெய்லர் லாரிகளின் இரைச்சல் பேச்சில் பாதியை விழுங்கியிருந்தது உண்மையே. ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே, பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்த சிரிப்பையும் ஒலிப்பதிவுச் சிநேகிதி பிரயாசைப்பட்டுப் பிடித்து வைத்திருந்தாள். வயலின் வந்தால் முதலில் மறைவது அந்தச் சிரிப்புத்தான். இரண்டு விதமாகவும் தொகுத்துத் திருவண்ணாமலைப் பெண்ணின் கைபேசிக்கு அனுப்பினோம். "பாட்டு இருக்கறதுல நாங்க செத்துப் போயிட்ட மாதிரி இருக்குக்கா" என்று பதில் வந்தது. வயலின் போயிற்று.

சென்னையில் படம் எடுப்பதற்கும் மோட்டார்த் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். பூர்விக சம்பந்தமே உண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை 1917 வாக்கில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் கார் வியாபாரம் செய்தவர். பூனாவில் ஸ்டீவர்ட் என்ற வெள்ளைக்காரரிடம் காமிரா பழகி வந்து, கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ அமைத்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பாதுகாத்து வைக்கும் புத்தி நமக்கு அன்றும் இல்லை. இன்று எல்லாம் கைபேசியிலேயே இருக்கும்போது, அந்தப் புத்தி இருக்கிறது என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

பயணமும் படமும் ஒன்றாகவே வாய்த்த ஏ.கே. செட்டியாரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேசம் தேசமாக அலைந்து, பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த துண்டுகளைச் சேகரித்து, 1940இல் படத்தை வெளியிட்டார். சேகரித்தது ஏறக்குறைய 50,000 அடி. வெளியிட்டது 12,000 அடி. பல நாட்டு வாசற்படிகளில் ஏறி இறங்கிய அந்த மனிதர், 'அண்ணல் அடிச்சுவட்டில்' தொடரில் தம் சிரமங்களைப் புலம்பலின்றி, ரயில் பிரயாண விவரம் சொல்பவரைப்போலச் சொல்லிக்கொண்டு போகிறார். செக்யூரிட்டிகளின் மறுப்பை எங்கள் படத்தில் ஒரு பெரிய புகாராகச் சேர்க்காமல் விட்டதற்கு அந்தத் தொடரைப் படித்திருந்ததே காரணம்.

குறும்படம் என்றால் சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னமும் பெசன்ட் நகர்க் கடற்கரையும், மொட்டைமாடியும், காபிக் கடையும்தான். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தாம்பரத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு பஸ் வசதி தாராளமாக இருக்கிறது. ஷிப்ட் விடும் நேரத்தைச் சாலையோர டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். படத்தைத் தொகுத்து முடித்ததும் முதலில் அதில் வருகிறவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக வேண்டாம். பெரும்பாலான பாயிண்டுகளில் அன்று யாரும் இருக்கமாட்டார்கள்.