வில்லின் எடை

கொரியாவிலிருந்து வந்திருந்த மாணவி செல்லோவின் தந்தியில் வில்லை அழுத்தி இழுத்தார். தெளிவான ஒரு ஸ்வரம் பிறந்தது. ஆசிரியர் உடனே கையை உயர்த்தி நிறுத்தினார். அந்த இடத்தில் ஸ்வரமே வரக்கூடாது.

ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில், கோடை விடுமுறையில் காலியாகிவிடும் ஒரு பள்ளியின் வகுப்பறை அது. மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். 1944 செப்டம்பரில் குண்டுவீச்சு இந்நகரின் நடுப்பகுதியை அழித்தது. இரண்டே ஆண்டுகளில், 1946இல், புதிய இசைக்கான கோடைப் பயிலரங்கை இங்கே தொடங்கினார் வொல்ஃப்காங் ஸ்டைனெக்கே. நாஜி ஆட்சி ஒதுக்கிய இசையை இளைஞர்கள் கேட்கவேண்டும், வாசிக்கவேண்டும் என்பது நோக்கம். வீடில்லாதவர்கள் நிறைந்த ஊர் இசைக்கு இடம் ஒதுக்கியதை நினைத்தாலே எனக்கு மரியாதை கூடுகிறது. 1970 முதல் இப்பயிலரங்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது.

மாணவி வாசித்தது இசையமைப்பாளர் ஹெல்முட் லாகென்மான் 1969இல் தனிச் செல்லோவுக்கு எழுதிய 'பிரெஷன்'. அதன் இசைத்தாளை எட்டிப் பார்த்தேன். எந்த ஸ்வரம் என்பதைவிட, கைகள் எங்கே இருக்கவேண்டும் என்பதையே அது காட்டுகிறது: விரல்பலகையிலா, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலா, குதிரைக்குக் கீழேயா. விரல்நுனி தந்தியைத் தடவும் சரசரப்பு, வில்லின் மயிர் மரத்தில் உரசும் மூச்சு, நெரிபடும் தந்தியின் முனகல் எல்லாமே இங்கே இசை. நமக்குப் பழகிய செல்லோ ஒலி மிக அரிதாகத்தான் தலைகாட்டும். இந்தத் தாளை எத்தனை முறை படித்தாலும் போதாது என்பதற்கு, லாகென்மானே 2010இல் குறியீடுகளைத் திருத்தி அமைத்தது சாட்சி.

தாள் சொல்லாத மிச்சத்தைச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஆசிரியர் மாணவியின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்தார். எடை தோளிலிருந்து இறங்கவேண்டும், விரல்கள் வில்லை நெரிக்கக்கூடாது என்றார். பிடி இறுகினால் வில் நடுங்கும். வேகம் கொஞ்சம் கூடினாலும் ஸ்வரம் எட்டிப்பார்க்கும். நத்தை வேகத்தில் இழுத்தால்தான் தந்தி வில்லிடமிருந்து விடுபட்டு விடுபட்டு, ஒவ்வொரு சொடக்காகப் பேசும். மாணவி மீண்டும் மீண்டும் முயன்றார். கடைசியில் பாரவண்டியின் அச்சு திரும்புவதுபோல் அந்தக் கரகரப்பு வந்தது. ஆசிரியர் பாராட்டவில்லை. "இப்போது தோள் எப்படி இருக்கிறது? அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். காதைவிட உடம்பை நம்பும் பாடம்!

ஆசிரியருடைய பெட்டியில் இரண்டு வில்கள் இருந்தன. நல்ல வில் ஒன்று. மரப்பகுதியால் தந்தியைத் தட்டுவதற்கும் தேய்ப்பதற்கும் பழைய மலிவான வில் இன்னொன்று. கச்சேரி வருமானத்தில் வாழ்கிற கலைஞருக்கு நல்ல வில்லைக் காப்பது சின்ன விஷயமல்ல.

பின்வரிசையில் இசையமைப்பு பயிலும் இளைஞர் ஒருவர், தான் எழுதிவந்த ஒரு பக்கத்தை நீட்டினார். ஆசிரியர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, இடது கைக்கு எட்டாத ஓரிடத்தைக் காட்டினார். அங்கேயே பென்சிலால் திருத்தம் நடந்தது. எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே அறையில் இருப்பதன் பயன் இதுதான்.

அந்தப் பயனை எண்ணியபோது, இலங்கைப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் 1939இல் பிறந்த செல்லோ கலைஞர் ரோஹன் டி சாரம் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தார். ஆர்டிட்டி நால்வர் குழுவில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வாசித்தவர். கண்டிய மேளமும் கற்றவர். அந்த மேளத்தின் தாளங்களைக் கேட்டறிந்துதான் இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ 2002இல் அவருக்காக, 'செக்குவென்சா' என்ற தம் தனிவாசிப்புப் படைப்பு வரிசையில் பதினான்காவதை எழுதினார். அதன் தொடக்கத்தில் வலது கை செல்லோவின் உடலையே மேளமாக்கித் தட்டுகிறது. பெரியோ 2003இல் மறைந்தார், டி சாரம் 2024இல் போய்விட்டார். அந்தத் தட்டல் எப்படி விழவேண்டும் என்பதை இனி அவரிடம் கற்றவர்கள்தான் கைமாற்றித் தரவேண்டும். ஒலிப்பதிவு அதன் பாதியைத்தான் தரும்.

இந்த இசையைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பிரெஷன்' வாசிக்கப்படும் காணொளியைத் தேடி, முதல் முறையாவது கண்ணைத் திறந்துவைத்து, வாசிப்பவரின் கைகளைப் பார்த்தபடி கேளுங்கள்.