கோயில் வாசல்ல கட்டிட்டுப் போன பீமன்

 

நம்ம தொண்டர் தம்பி ஒருத்தர் போன மாசம் பீமனோட வீடியோ ஒன்னு போட்டாரு. அதுல இருந்து மூனு பேர் எனக்கு மெசேஜ் அனுப்பிட்டாங்க, கிரேட் டேன் குட்டி எங்க வாங்கலாம்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுத நேரம் இல்ல. அதனால இங்கயே எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல ஒன்னு. பீமனை நான் வாங்கல. ஆறு வருசத்துக்கு முன்ன ஒரு வியாழக்கிழமை காலையில கோயில் பின் கேட்டுல யாரோ கட்டிட்டுப் போயிட்டாங்க. கேட்டைத் தொறக்கப் போன ஐயருதான் எனக்கு போன் பண்ணாரு. "தம்பி, ஒரு கன்னுக்குட்டி கட்டியிருக்கு, நாய் மாதிரி தெரியுது"ன்னாரு. போய்ப் பாத்தா எலும்பும் தோலுமா நிக்குது. சிமிந்தித் தரையிலேயே படுத்துப் படுத்து ரெண்டு முழங்கையும் புண்ணா வீங்கி இருந்துச்சு. டாக்டர் பல்லைப் பாத்துட்டு ரெண்டு வயசு இருக்கும்னாரு. அன்னிக்கு 41 கிலோ. இப்ப 62 கிலோ, தோள் உயரம் 80 செண்டிமீட்டர். தலையைத் தூக்குனா எங்க வீட்டு சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் பாக்கும்.

கோயில்ல விட்டா பைரவர் பாத்துக்குவாருன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நம்ம ஆலயத்துல மட்டும் இல்ல, எல்லாக் கோயில்லயும் இதே கதைதான். பைரவருக்கு நாய் வாகனம், சரி. அதுக்காகக் கோயில் நாய்க் காப்பகம் ஆயிடுமா? நாய்க்குக் கோயிலைப் போல ஆபத்தான இடம் கிடையாதுன்னு நான் சொல்வேன். சர்க்கரைப் பொங்கல்ல திராட்சை போடுறோம், நாய்க்கு அது கிட்னியைக் கெடுக்கும். அன்னதானக் குழம்புல வெங்காயம், பூண்டு, அது ரத்தத்தைக் கெடுக்கும். கற்பூரமும் விஷம்தான். இதெல்லாம் அன்பாத்தான் போடுவாங்க. இலையில மிச்சம் இருக்கறதை வழிச்சு, "சாப்புடு ராசா"ன்னு.

கமிட்டியில பேசினோம். யாரும் எடுத்துக்கல. எங்க வீட்டுக்காரம்மா, "ஒரு வாரம்தான்"னு சொல்லி சம்மதிச்சாங்க. அந்த ஒரு வாரம்தான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

பேர்ல டேன்னு இருக்கறதால டென்மார்க் நாய்னு நினைக்காதீங்க. இது ஜெர்மனியில வளர்ந்த இனம். அந்தக் காலத்துல காட்டுப் பன்றி வேட்டைக்கு வச்சிருந்தாங்களாம். எங்க பீமனைப் பாத்தா நம்ப முடியாது. பூனை சீறுனா என் பின்னால வந்து நிப்பான். சாதாரணமாவே மனுசன் மேல சாஞ்சு நிக்கிறதுதான் அவன் பழக்கம், இந்த இனத்துக்கே அது உண்டு. சாயுறது 62 கிலோன்னு ஞாபகம் வச்சுக்கங்க. எங்க மாமியார் ஒரு தடவை துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தப்ப அன்பா வந்து சாஞ்சான், அவங்க வாளியோட உக்காந்துட்டாங்க. வாலு இன்னும் மோசம். சந்தோசத்துல ஆட்டுனா சவுக்கடி மாதிரி. சுவத்துல அடிச்சு அடிச்சு வால் நுனி கிழிஞ்சு, ஹால் சுவரெல்லாம் ரத்தப் புள்ளி. எச்சிலைப் பத்தி நான் எழுதல, சாப்பிடுற நேரத்துல படிக்கிறவங்களும் இருப்பீங்க.

நாங்க இருக்கறது தாமான்ல, வரிசை வீடு. பக்கத்து வீட்டுல மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக்னு கூப்பிடுவோம். அவங்க மார்க்கத்துல நாய் எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கலந்து. அது அவங்க முறை, நாமதான் பாத்து நடந்துக்கணும். காலையில அஞ்சு மணிக்கு முன்ன ஒரு நடை, ராத்திரி பத்துக்கு மேல ஒரு நடை, அதுவும் சுராவ் இல்லாத பக்கமா. கயிறு இல்லாம ஒரு நாளும் கேட்டைத் தாண்டல. கவுன்சில் லைசென்ஸ் வருசா வருசம் எடுக்கறேன். பாக்சிக் இவனைத் தொட்டதே இல்ல. ஆனா இவன் ஆஸ்பத்திரியில கிடந்த நாலு நாள்ல, ரெண்டாவது நாளே கேட்டுக்கிட்ட வந்து நின்னு, "மானா பீமா?"ன்னு கேட்டாரு.

அந்த ஆஸ்பத்திரி விசயம்தான் முக்கியமா சொல்ல வந்தது.

மூனு வருசத்துக்கு முன்ன, செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு நான் வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்னு ஆயிடுச்சு. வழக்கமா கேட்டுக்கு வருவான், வரல. உள்ள போய்ப் பாத்தா இங்கயும் அங்கயும் நடக்குறான், படுக்க முடியல. வாந்தி எடுக்கப் பாக்குறான், ஒன்னும் வரல, வெள்ளையா நுரை மட்டும். வயிறு உப்பியிருக்கு. தட்டிப் பாத்தேன், உறுமி மேளம் மாதிரி சத்தம்.

இதைப் பத்தி டாக்டர் முன்னாடியே எனக்குச் சொல்லி வச்சிருந்தாரு. இரைப்பையில காத்து அடைச்சு, அப்படியே முறுக்கிக்கும். உள்ள போற வழியும் அடைபடும், வெளிய போற வழியும் அடைபடும், ரத்த ஓட்டமும் நின்னுடும். சில மணி நேரந்தான், ஆப்பரேசன் பண்ணலன்னா முடிஞ்சுது. நெஞ்சுக்கூடு ஆழமா இருக்கற பெரிய நாய்ங்களுக்கு இது வரும். எல்லா இனத்தையும் விட கிரேட் டேனுக்குத்தான் ஆபத்து அதிகம். சாப்பாட்டை ரெண்டு மூனு வேளையா பிரிச்சுக் குடுக்கணும், அவுக் அவுக்னு முழுங்க விடக்கூடாது, சாப்பிட்ட உடனே ஓட விடக்கூடாது. தட்டை உயரமா ஸ்டாண்டுல வைக்கணும்னு ஒரு காலத்துல சொன்னாங்க, அப்புறம் அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துக்காரங்க ஆராய்ச்சி பண்ணி, அப்படி வச்ச நாய்ங்களுக்குத்தான் கூடுதலா வந்திருக்குன்னு எழுதினாங்க. நாங்க தரையிலதான் வைக்கிறோம். எல்லாம் சரியா செஞ்சோம். அப்படியும் வந்துச்சு. இனத்தோட உடம்பு வாகு அப்படின்னாரு டாக்டர்.

இப்ப கேள்வி, யாரு தூக்குறது? வேலை இடத்துல 25 கிலோவுக்கு மேல தனியா தூக்காதீங்கன்னு பையன்களுக்குத் தினமும் சொல்றவன் நான். இங்க 62 கிலோ, வலியில துடிக்குது, எழுந்து நிக்கவும் மாட்டேங்குது. நம்ம ஆலயத்துல திருவிழாவுக்குச் சாமி தூக்குற தம்பிங்க இருக்காங்கல்ல, அவங்க குரூப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கால் மணி நேரத்துல நாலு பேர் வந்துட்டாங்க. ஒருத்தர் வேன் கொண்டு வந்தாரு. கட்டில் போர்வையை மடிச்சு அடியில விட்டு, நாலு மூலைக்கு நாலு பேர். "அண்ணே, நீங்க தலையைப் பிடிச்சுக்கங்க, பேசிக்கிட்டே வாங்க"ன்னாங்க. சாமி தூக்குறப்ப எப்படி ஒரே சீரா கால் எடுத்து வைப்பாங்களோ அப்படியே வாசப்படி இறங்கினாங்க. ஒரு குலுக்கல் இல்ல.

ராத்திரி தொறந்திருக்கற ஆஸ்பத்திரி பாலம் தாண்டித்தான். பாலத்துல போகும்போது ஒருத்தரும் பேசல. ஒரு மணிக்கு உள்ள கொண்டு போனாங்க, நாலு மணிக்கு டாக்டரம்மா வெளிய வந்தாங்க. முறுக்கை எடுத்துட்டு, திரும்ப முறுக்காம இருக்க இரைப்பையை வயித்துச் சுவரோட சேத்துத் தச்சுட்டோம்னாங்க. அந்தத் தையலை நாய் நல்லா இருக்கும்போதே, கருத்தடை ஆப்பரேசன் பண்ற அன்னிக்கே சேத்துப் போட்டுக்கலாம். பெரிய நாய் வச்சிருக்கறவங்க உங்க டாக்டர்கிட்ட இதைக் கண்டிப்பா கேளுங்க. இவன் எங்ககிட்ட வரும்போதே கருத்தடை பண்ணித்தான் இருந்தான். பில்லு, ஓ.டி. காசோட சேத்து என் ஒரு மாசச் சம்பளத்தைத் தாண்டிடுச்சு. தம்பிங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டாங்க, திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க.

காசு விசயம் வந்ததால சொல்லிடுறேன். பெரிய நாய்க்கு எல்லாமே கிலோ கணக்கு. பூச்சி மாத்திரை, உண்ணி மருந்து, மயக்க ஊசி எல்லாம் எடைக்குத் தகுந்த மாதிரிதான். 15 கிலோ சாக்கு மூனு வாரம் வரும். நம்ம ஊர்ல கொசு அதிகம், கொசுக்கடியாலதான் இதயப் புழு வருது, அதுக்கு மாசா மாசம் மருந்து. குட்டியா வாங்கினா செலவு கம்மின்னு நினைக்காதீங்க. பிறக்கும்போது அரை கிலோ சொச்சம் இருக்கற குட்டி ஒரு வருசத்துல 45 கிலோவைத் தாண்டும். அவ்வளவு வேகத்துல எலும்பு வளருது. அப்ப கொழுகொழுன்னு இருக்கட்டும்னு அள்ளிப் போடுறதும், கடையில விக்கிற கால்சியம் மாத்திரையைக் கூடுதலா குடுக்கறதும் எலும்பைக் கெடுத்துடும். பெரிய இனக் குட்டிக்குன்னே தனித் தீனி இருக்கு, அதுல இருக்கற கால்சியம் போதும்.

மெசேஜ் அனுப்பினவங்க யாரும் கேக்காத கேள்வி ஒன்னு இருக்கு. எத்தனை வருசம் இருக்கும்? ஏழுல இருந்து பத்து வருசம். அவ்வளவுதான். சின்ன நாய்ங்க பதினஞ்சு வருசம் கூட ஓடும், பெருசுங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. உலகத்துலேயே உயரமான நாய்னு கின்னஸ்ல பதிஞ்ச அமெரிக்க கிரேட் டேன் ஜீயஸ், 111.8 செண்டிமீட்டர் உயரம். 2014-ல போயிடுச்சு, ஆறு வயசு கூட நிறையல. இதயம் பெருத்துப் போறது, எலும்புல புற்றுநோய், கழுத்தெலும்பு நரம்பை அழுத்துறது, இதெல்லாம் இந்த இனத்துல அதிகம். வாங்கிக் குடுக்கும்போது உங்க பையன் ஒன்னாம் வகுப்புல இருந்தா, அவன் இடைநிலைப் பள்ளியில இருக்கும்போது நாய் இருக்காது. அதுக்கும் தயாரா இருக்கணும்.

"கோயில் தொண்டு செய்யறவரு வீட்டுல நாயா, தீட்டு இல்லையா"ன்னு கேட்டவங்களும் உண்டு. நான் குளிச்சு வேட்டி மாத்திக்கிட்டுத்தான் கோயிலுக்கு வரேன். தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன்னு சொன்ன கதையை வாட்சாப்ல அனுப்பறவங்கதான் இப்படியும் கேக்கறாங்க, அதுதான் எனக்குப் புரியல.

பீமனுக்கு இப்ப எட்டு வயசு. மூஞ்சியெல்லாம் நரைச்சுடுச்சு. பின்னங்கால் ரெண்டும் டைல்ஸ்ல வழுக்குது. எழுந்திரிக்கும்போது வயித்துக்கு அடியில துண்டைக் கொடுத்து நானும் வீட்டுக்காரம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிவிடுறோம். வெயில் ஏறுனா சமையல்கட்டுல ஃபேனுக்கு நேரா படுத்துடுவான், அவனைத் தாண்டித்தான் சமைக்கணும். ஒரு நாள் எழுந்திரிக்க முடியாமப் போயிடும்னு தெரியும். அதை நாங்க வீட்டுல பேசிட்டோம், டாக்டர்கிட்டயும் பேசிட்டோம். வலியில கிடக்க விடமாட்டோம். சாமி தூக்குற தம்பிங்களும் சொல்லிட்டாங்க, எப்ப கூப்பிட்டாலும் வரோம்னு.

குட்டி கேட்டவங்களுக்கு: தூக்கறதுக்கு நாலு பேர், பெரிய கார், அவசரத்துக்கு ஒரு மாசச் சம்பளம் கையிருப்பு, இந்த மூனும் இருந்தா என்கிட்ட பேசுங்க. அப்பவும் குட்டி வாங்கச் சொல்லமாட்டேன். ஆள் இல்லாம நிக்கிற பெரிய நாய்ங்க காப்பகங்கள்ல இருக்கு, அதுல ஒன்னைப் பாக்கலாம்.

கடைசியா ஒரு உதவி. யார் வீட்டுலயாவது பழைய ரப்பர் பாய் இருந்தா, ஜிம்முல போடுற மாதிரி கனமா, தூக்கிப் போட்டுடாதீங்க. ஹால்ல இருந்து பின் கதவு வரைக்கும் விரிக்க எனக்கு இன்னும் ஆறு அடி குறையுது. சனிக்கிழமை கோயில் ஆபீஸ்ல குடுத்தா நான் எடுத்துக்கறேன். மெல்லிசா இருந்தா வேணாம், ஒரே நாள்ல சுருட்டிடுவான்.