கார்டு போச்சு தாத்தா!



போன வாரம் நான் போட்ட படத்தில் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "சார், ரிட்டயர்டு ஆகி சர்வீஸ் கடை போட்டுட்டீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். கடை போடவில்லை. நடந்தது என்ன என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு லீவுக்கு இங்கே வந்தான். அவனுடைய கம்ப்யூட்டர் நம் வீட்டில்தான் இருக்கிறது. வந்த அன்றைக்கே மாட்டினான். கேம் அழகாகத் திறந்தது. ஐந்து நிமிஷம் ஓடி, சண்டை சூடு பிடிக்கும் இடத்தில் பொசுக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி போட்டான், மறுபடி மூடியது. சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "கார்டு போச்சு தாத்தா" என்றான்.

வெளியூரில் வாங்கியது. ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம், கார்டில் குறை இல்லை என்று தெரிந்தால் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதில் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. மாப்பிள்ளை போனில், "முப்பதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கான், திருப்பி அனுப்பச் சொல்லுங்க மாமா" என்றார். பேரனுக்கோ வேறு கோபம். அந்த கம்ப்யூட்டரை நான்கு வருஷத்துக்கு முன் அசெம்பிள் செய்து கொடுத்தவன் நம் ஊரில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன். "அந்த அண்ணன் மட்டமான சாமானைப் போட்டு ஏமாத்திட்டார், அதான் புதுக் கார்டையும் அடிச்சிருச்சு" என்று ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பையனை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தார். நம் பள்ளியில் கணினிவழிக் கற்றல் மையம் வந்தபோது, வீட்டுக்குப் போகாமல் அந்த அறை வாசலிலேயே நிற்பான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதென்றால் ஆதாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னேன். நேரம், என்ன மாற்றினோம், என்ன நடந்தது என்று மூன்று கட்டம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். கண்ணாடிக் குவளையில் மூன்று அவரை விதையைக் குச்சியில் கட்டி வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்குத் தண்ணீர் இல்லை, ஒன்றுக்குக் காற்று இல்லை, நடுவில் உள்ளதற்கு இரண்டும் உண்டு. அதே கதைதான்.

முதலில் டிரைவர். பழைய கார்டு ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி. பழையதின் டிரைவர் உள்ளேயே கிடந்தது. இதற்கென்றே டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சேஃப் மோடில் போய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புது டிரைவரைப் புதிதாகப் போட்டான். கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு இரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கும்; அப்போதுதான் கேம் மூடிக்கொள்ளும், கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். துடைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. இருபது நிமிஷம் ஓடியது. பையன் துள்ளினான்.

இருபத்தோராவது நிமிஷம் மொத்த கம்ப்யூட்டரும் அணைந்து, தானே மறுபடி ஆன் ஆனது.

"அதே பிரச்சினைதான்" என்றான். அதே பிரச்சினை இல்லை. கேம் மட்டும் மூடுவது வேறு, மெஷினே அணைவது வேறு. முதலாவதில் பெரும்பாலும் மென்பொருளைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவதில் மின்சாரத்தையும் சூட்டையும் முதலில் பார்க்க வேண்டும். நோட்டில் தனிப் பக்கம் போடச் சொன்னேன். ஈவன்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று ஒரு வரி பதிவாகியிருந்தது. முறையாக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி கிளம்பியது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது.

அடுத்து சூடு. மே மாதத்துக் கோவில்பட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபினட்டைத் திறந்தால் நான்கு வருஷத்துக் கரிசல் புழுதி ஃபேனில் அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷும் புளோயரும் வைத்துச் சுத்தம் செய்தோம். (நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது.) 83 டிகிரியில் இருந்த கார்டு 74க்கு இறங்கியது. ஆனாலும் அதே சண்டைக் காட்சியில் மெஷின் அணைந்தது. சரி, யு.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது. வீட்டில் இருக்கும் சின்ன யு.பி.எஸ்.ஸில் 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருக்கும். பொடி எழுத்தில் பார்த்தால் எங்களுடையது 360 வாட்தான். வாங்கும்போது வாட்டைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் பையனுக்கே ஒரு யோசனை வந்தது. கேமில் நொடிக்கு 60 படத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தான். கார்டின் வேலை பாதியாகக் குறைந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை! வரம்பை எடுத்தான், பத்தே நிமிஷத்தில் அணைந்தது. மறுபடி வைத்தான், ஓடியது. இப்போது கணக்குப் போடலாம் வா என்றேன்.

எஸ்.எம்.பி.எஸ். மேல் 500 வாட் என்று எழுதியிருந்தது. ஆனால் கார்டுக்கும் பிராசசருக்கும் போவது 12 வோல்ட் வழியில். அந்த வரியில் 30 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். எட்டாம் வகுப்பில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தேன். 360 வாட். கார்டு 230, பிராசசர் 65, ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்தால் 340ஐ நெருங்கிவிடும். "அப்ப போதுமே தாத்தா?" என்றான். கிணற்று மோட்டாரைக் காட்டித்தான் அதைப் புரியவைத்தேன். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பது ஒரு அளவு; ஸ்விட்ச் போட்ட கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், மோட்டார் ரூம் பல்பு மங்கும். கார்டும், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு பெரிய காட்சி வந்தால் சில மில்லி நொடிக்குத் தன் கணக்கை மீறி இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். கார்டு வந்த பெட்டியின் பக்கவாட்டிலேயே குறைந்தது 650 வாட் வேண்டும் என்று அச்சடித்திருந்தான். அந்தப் பெட்டியை அதுவரை யாரும் படிக்கவில்லை.

பையன் இன்னொன்றும் தேடி எடுத்துக் காட்டினான். 2024இல் உலகம் முழுக்க இதே மாதிரிக் கூத்து நடந்திருக்கிறது. கேம் திறந்தால் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்ளும். எல்லாரும் கார்டைத் திட்டினார்கள். கார்டில் மெமரி தாராளமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர் சிலவற்றில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய், நாள்பட நாள்பட அவை நிலை தடுமாறியிருக்கின்றன. கார்டு செய்கிற என்விடியாவே, இந்தப் பிழை வந்தால் இன்டெலைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருஷம் கூட்டியது. எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அந்த ரகம் இல்லை. ஆனால் திரையில் வருகிற வாசகம் கைகாட்டும் ஆளே குற்றவாளி என்று நம்பிவிடக் கூடாது என்பதை அவனே படித்துத் தெரிந்துகொண்டான்.

கணக்கு சரி. சோதிக்க வேண்டுமே? மாணவனுக்குப் போன் போட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்தான். அதன் வயர்களையும் கூடவே கொண்டு வந்திருந்தான். பழைய வயர் ஒத்துப்போகிறதே என்று அதிலேயே மாட்டிவிடக் கூடாதாம். கம்பெனிக்குக் கம்பெனி உள் இணைப்பு மாறும், போர்டே எரிந்துவிடும் என்றான். இது எனக்கும் புதுச் செய்தி. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து பார்க்கவும் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும் என்று பேரனிடம் சொன்னான்.

மாட்டினார்கள். வரம்பை எடுத்துவிட்டு, அந்தச் சண்டைக் காட்சியைப் பதினோரு தடவை போட்டார்கள். நோட்டில் இருக்கிறது. பதினோரு தடவையும் நின்றது.

எந்த பில்லையும் தூக்கிப் போடாத ஆள் நான். என் ஃபைலில் நான்கு வருஷத்துக்கு முந்தைய பில் இருந்தது. பின்பக்கத்தில் மாணவனின் கையெழுத்தில், '500 வாட் இப்போது உள்ள கார்டுக்கு மட்டும். பெரிய கார்டு போட்டால் மாற்றவும்' என்று எழுதியிருந்தது. அதை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. படித்தான். ரொம்ப நேரம் படித்தான், இரண்டே வரிதான். அப்புறம், "அண்ணே, உங்களைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன்ணே" என்றான்.

"அட, கேம் நின்னா எல்லாருந்தான் கடைக்காரனைத் திட்டுவாங்க. விடுப்பா" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டம்மா கொடுத்த தோசையைச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். வந்ததற்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. மறுநாள் காலையில் பேரன் தானே கடைக்குப் போய், மீதியிருந்த எடிட்டிங் காசில் புது 650 வாட் வாங்கிவந்தான். திரும்பி வந்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. அங்கேயே உட்கார்ந்து ஒரு மெஷினுக்கு விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது. அனுப்பத் தேவையில்லை என்று மாப்பிள்ளைக்கும் நோட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டோம். பழைய எஸ்.எம்.பி.எஸ். பழுதில்லை. பழைய கார்டோடு சேர்த்து வேறொரு பிள்ளையின் கம்ப்யூட்டருக்குப் போகப்போகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் எனக்கு எழுதுங்கள். மூடுவது கேமா மெஷினா, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர், கார்டு எத்தனை வாட், இதை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பேரன் ஜூன் வரை இங்கேதான் இருக்கிறான்.